கேட் ரிஜிஸ்டரில் ஒரு பக்கம்

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், பார்க்கிங் பிரச்சினைக்கும் தண்ணீர் லாரி கணக்குக்கும் நடுவே, பி பிளாக் உறுப்பினர் ஒருவர் கிளப் ஹவுஸில் பேசியதன் எழுத்து வடிவம்.)

தலைவர் எனக்கு 15 நிமிடம் கொடுத்திருக்கிறார். தண்ணீர் லாரி விஷயம் காத்திருக்கிறது என்று எனக்கும் தெரியும், அதனால் நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

என் கையில் இருப்பது நம் மெயின் கேட் ரிஜிஸ்டர். மாசிக் கடைசியில் ஒரு விடியற்காலை நம் இரவுக் காவலர் இதில் எழுதியதை வாசிக்கிறேன். "மணி 5.08. வானத்தில் வெளிச்சம் வரிசை. சி பிளாக் டேங்குக்கு மேலே ஒன்றும் இல்லாத இடத்தில் ஒன்று தோன்றி நகர்ந்தது. அது போனதும் அதே இடத்தில் இன்னொன்று. அதே வழி. எண்ணியது 19, பிறகு எண்ண முடியவில்லை. செல்போன் டவர் பக்கம் போனது. சத்தம் இல்லை. சிமிட்டவில்லை. மணி 5.12." கீழே கையெழுத்து.

அடுத்து என்ன நடந்தது என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும், ஏனென்றால் நாம் எல்லோரும் ஒரே வாட்ஸ்அப் குரூப்பில்தான் இருக்கிறோம். யாரோ இந்தப் பக்கத்தைப் படம் எடுத்துப் போட்டார்கள். 7 மணிக்குள் நாற்பது மெசேஜ். திருடர்கள் ட்ரோன் விட்டு நோட்டம் பார்க்கிறார்கள் என்றார் ஒருவர். நாலாவது மாடியில் வாடகைக்கு இருக்கும் பையன்களிடம் ட்ரோன் இருக்கிறது என்று இன்னொருவர் எழுத, தூங்கிக்கொண்டிருந்த அந்தப் பிள்ளைகளைக் காலிங் பெல் அடித்து எழுப்பி விசாரணை வேறு நடந்தது. கடைசியில் "ராத்திரி என்ன சரக்கோ" என்று ஒரு மெசேஜ் வந்தது. அதற்குச் சிரிக்கிற பொம்மை போட்டவர்கள் 23 பேர். அதில் நானும் ஒருவன். குரூப்பில் இன்னும் இருக்கிறது, போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

காவலர் பணி நேரத்தில் குடித்திருந்தார் என்று அன்று மதியமே நம் சங்கத்திலிருந்து ஏஜென்சிக்கு ஒரு புகார் போனது. நான்காம் நாள் அவரை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

நான் வானியல் படித்தவன் இல்லை. தொலைபேசித் துறையில் 34 வருடம் வேலை பார்த்தவன், அதில் பாதிக்கு மேல் லைன் ஃபால்ட் தேடுகிற வேலை. ஒரு வீட்டிலிருந்து போன் வரும்: "சார், ராத்திரியானால் லைனில் யாரோ பேசுகிற மாதிரி கேட்குது." புதிதாக வேலைக்கு வந்தவன் "அப்படியெல்லாம் இருக்காதும்மா" என்பான். பழையவன் சொல்ல மாட்டான். எத்தனை மணிக்கு, மழை பெய்த பிறகா, ஆண் குரலா பெண் குரலா என்று கேட்பான். ஏனென்றால் குரல் கேட்டது உண்மை. பக்கத்து ஜோடிக் கம்பியின் பேச்சு ஈரத்தில் இந்தக் கம்பிக்குக் கசிகிறது, அவ்வளவுதான். அந்த அம்மா "பேய்" என்று சொல்லியிருந்தால்கூட, பேயை விட்டுவிட்டு நேரத்தைக் குறித்துக்கொள்வோம். 34 வருடம் இதைச் செய்தவன், நம் காவலர் விஷயத்தில் மட்டும் பொம்மை போட்டேன். அந்த உறுத்தலில்தான் விசாரிக்க ஆரம்பித்தேன்.

விசாரிக்கும்போது கிடைத்த ஒரு சம்பவத்தை முதலில் சொல்கிறேன். நம் காவலரைவிடப் பெரிய காவலர்களுக்கு நடந்தது, நம் நாட்டிலேயே.

2012 ஆகஸ்டில் தொடங்கி 2013 பிப்ரவரி வரை, லடாக்கில் சீன எல்லையை ஒட்டி நம் ராணுவத்தினர் இரவில் விளக்குகளைப் பார்த்தார்கள். ஓர் ஏரியின் மேல் பிரகாசமான வெளிச்சம் எழும்பும், மெதுவாக வானத்தில் நகரும், மணிக்கணக்கில் இருக்கும். சீன உளவு விமானமோ ட்ரோனோ என்று சந்தேகம். ஒவ்வொரு முறையும் குறித்தார்கள். பிற்பாடு பத்திரிகைகளில் வந்த கணக்குப்படி 329 முறை பார்த்திருக்கிறார்கள், அதில் 155 முறை அது எல்லைக்கோட்டைத் தாண்டி வந்ததாகப் பதிவு. அது விளையாட்டான நேரமும் இல்லை. 2013 ஏப்ரலில் டெப்சாங் பகுதியில் சீனப் படை உள்ளே வந்து கூடாரம் போட்டு, மூன்று வாரம் இரண்டு படைகளும் எதிரெதிரே நின்றன. அப்படி ஓர் எல்லையில் வானத்தில் தெரிகிற வெளிச்சத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டு யாராவது சுட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ராணுவம் சுடவில்லை, சிரிக்கவும் இல்லை. பெங்களூரில் உள்ள இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தை அழைத்தது. அங்கிருந்து வானியலாளர்கள் வந்தார்கள். இது வானத்துப் பொருளா, பூமியிலிருந்து கிளம்பியதா என்ற ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அந்த வெளிச்சம் நட்சத்திரங்களோடு ஒப்பிட்டால் எப்படி நகர்கிறது என்று பார்த்தார்கள். முடிவு: ஒன்று வியாழன், இன்னொன்று வெள்ளி.

கேட்டதும் சிரிப்பு வருகிறது இல்லையா? வெளியே வந்தபோது உலகப் பத்திரிகைகளும் சிரித்தன. நான் சிரிக்க மாட்டேன். அந்தக் குளிர்காலத்தில் வியாழன் மிகவும் பளிச்சென்று இருந்தது. 2012 டிசம்பர் தொடக்கத்தில் சூரியனுக்கு நேர் எதிரே, பொழுது சாயும்போது கிழக்கில் உதித்து ராத்திரி முழுக்கத் தெரிந்தது. வெள்ளியோ அந்த மாதங்கள் எல்லாம் விடிவெள்ளி. லடாக்கின் உயரத்தில் காற்று மெல்லியது, தூசி இல்லை, நம் சென்னையில் மங்கலாகத் தெரிகிற கிரகம் அங்கே டார்ச் அடித்த மாதிரி தெரியும். இன்னொன்றும் உண்டு. சுற்றிலும் இருட்டு, நடுவில் ஒரே ஒரு புள்ளி வெளிச்சம் என்றால் நம் கண்ணுக்கு அது அசைவதுபோலத் தோன்றும். புள்ளி அசையவில்லை, கண்ணும் மூளையும் செய்கிற வேலை அது. தூரமும் தெரியாது. மலைக்கு மேல் 2 கிலோமீட்டரில் ஒரு ட்ரோனும், அப்போது சுமார் 60 கோடி கிலோமீட்டரில் இருந்த வியாழனும் கண்ணுக்கு ஒரே மாதிரி ஒரு புள்ளிதான். மலையைத் தாண்டிப் புள்ளி மேலே வந்தால், எல்லையைத் தாண்டி வந்தது என்றுதான் அங்கே காவலுக்கு நிற்பவர் எழுதுவார். எழுத வேண்டும், அதுதான் அவர் வேலை. அந்த 329 குறிப்பும் இருந்ததால்தான் விடை கிடைத்தது. வெட்கப்பட்டு எழுதாமல் விட்டிருந்தால், வந்தவர்களுக்கு ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றும் இருந்திருக்காது.

இதை நம் மொட்டை மாடியிலேயே செய்து பார்க்கலாம். ஒரு வெளிச்சம் சந்தேகமாக இருந்தால், அதை வெறித்துப் பார்க்காதீர்கள், முன் சொன்ன மாதிரி அசைவதுபோலத் தோன்றும். டேங்க் சுவரில் தலையைச் சாய்த்து, வெளிச்சத்தை ஏதாவது ஒரு விளிம்புக்கு நேராக வைத்துக்கொள்ளுங்கள். ஆன்டெனா கம்பி, ஏணி, எதுவானாலும் சரி. 15 நிமிடம் கழித்து அதே இடத்தில் தலையை வைத்துப் பாருங்கள். நட்சத்திரமோ கிரகமோ என்றால் கையை நீட்டி இரண்டு விரலை வைத்தால் மறைகிற அளவு நகர்ந்திருக்கும். பக்கத்து நட்சத்திரங்களும் அதோடு சேர்ந்து நகர்ந்திருக்கும். மறுநாளும் அதற்கு மறுநாளும் அதே இடத்துக்கு ஏறக்குறைய 4 நிமிடம் முன்னதாக வந்துவிடும். மாதத்துக்கு 2 மணி நேரம். எந்த உளவாளியும் அப்படிக் கணக்குப் பார்த்து டியூட்டிக்கு வர மாட்டான்.

இரண்டாவது சம்பவம் அமெரிக்காவில், அரிசோனா மாநிலத்தின் பீனிக்ஸ் நகரம். 1997 மார்ச் 13 இரவு. அப்போது ஹேல்-பாப் வால்நட்சத்திரம் வந்திருந்த சமயம். அன்று ஏராளமானவர்கள் இரண்டு காட்சிகளைப் பார்த்தார்கள். எட்டு, எட்டரை மணி வாக்கில் ஆங்கில வி எழுத்து மாதிரி விளக்குகள் ஊர் மேல் கடந்து போயின. இரவு 10 மணிக்கு, தென்மேற்கே ஒரு வரிசை விளக்குகள் அந்தரத்தில் நின்று ஒவ்வொன்றாக அணைந்தன. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியதில்தான் பாதி மர்மமே. பிற்பாடு விசாரித்ததில் 10 மணி விளக்குகள் ராணுவப் பயிற்சி மைதானத்தின் மேல் ஏ-10 ரகப் போர் விமானங்கள் பாராசூட்டில் கட்டி விட்ட ஒளிக்குண்டுகள் என்று தெரிந்தது. வீடியோவில் அவை அணைந்த இடங்களை, பகலில் தெரிகிற எஸ்ட்ரெல்லா மலைத்தொடரின் மேடுபள்ளத்தோடு பொருத்திப் பார்த்தார்கள். அவை அணையவே இல்லை, மெல்ல இறங்கி ஒவ்வொன்றாக மலைக்குப் பின்னால் போயிருக்கின்றன. முதல் காட்சியை வீட்டுப் பின்புறத்தில் டெலஸ்கோப் வைத்திருந்த ஓர் இளைஞர் அந்த நேரத்திலேயே டெலஸ்கோப்பைத் திருப்பிப் பார்த்திருக்கிறார். ஒவ்வொரு விளக்கும் ஒரு விமானமாகத் தெரிந்தது என்று சொன்னார். அவரைத் தேடிப் போய்க் கேட்டவர்கள் முதலில் யாரும் இல்லை.

நான் இதைச் சொல்ல வந்தது வேறு காரணத்துக்காக. ஜூன் மாதம் அந்த மாநில ஆளுநர் ஃபைஃப் சைமிங்டன் பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டார். குற்றவாளியைப் பிடித்துவிட்டோம் என்று சொல்லி, வேற்றுக்கிரகவாசி வேஷம் போட்ட தன் உதவியாளரை மேடைக்குக் கொண்டுவந்தார். எல்லோரும் சிரித்தார்கள். பார்த்ததைச் சொன்ன ஜனங்கள் வாயை மூடிக்கொண்டார்கள். பத்து வருடம் கழித்து, 2007-இல், அதே சைமிங்டன் சொன்னார்: அன்று ராத்திரி நானும் அதைப் பார்த்தேன் என்று. அவர் விமானப்படையில் இருந்தவர். 1997-லேயே "நானும் பார்த்தேன், விசாரிப்போம்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த ஊருக்குச் சீக்கிரமே நல்ல பதில் கிடைத்திருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

சரி, நம் கேட்டுக்கு வருகிறேன்.

ரிஜிஸ்டரை எடுத்துக்கொண்டு, கேட்டில் காவலர் நாற்காலி போடுகிற இடத்தில் போய் நின்றேன். செல்போனில் திசைகாட்டியைத் திறந்தேன். சி பிளாக் டேங்க் தென்மேற்கு. செல்போன் டவர் வடகிழக்கு. நேரம் 5.08 முதல் 5.12. இவ்வளவு தெளிவாக ஒரு ஃபால்ட் ரிப்போர்ட் என் சர்வீஸில் எனக்கு வந்ததே இல்லை.

சத்தம் இல்லை, சிமிட்டவில்லை, ஒரே வழியில் ஒன்றன்பின் ஒன்றாக, நாலு நிமிடத்தில் பாதி வானத்தைக் கடக்கிறது. விமானம் என்றால் சிமிட்டும், இவ்வளவு நெருக்கமாக வரிசையில் வராது. ட்ரோன் என்றால் விர்ரென்று சத்தம் கேட்டிருக்கும், அதுவும் 19 ட்ரோன்! ஏ பிளாக்கில் பொறியியல் படிக்கிற பெண்ணிடம் கேட்டேன். பார்த்த உடனே "அங்கிள், ஸ்டார்லிங்க்" என்றாள்.

இன்டர்நெட் தருவதற்காக ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனம் விடுகிற செயற்கைக்கோள்கள். முதல் பெரிய தொகுதி 2019 மே மாதம் போனது, ஒரே ராக்கெட்டில் 60. இப்போதும் கட்டுக்கட்டாகத்தான் போகின்றன. ஏவிய முதல் சில நாள் அவை தாழ்வாக, 300 கிலோமீட்டர் வாக்கில், ஒன்றன்பின் ஒன்றாக ரயில் பெட்டி மாதிரி ஓடும். பிறகு மெல்ல உயர்ந்து பிரிந்து போய்விடும், வெறும் கண்ணுக்கு அந்த வரிசை தெரியாது. எப்போது எந்த ஊருக்கு மேல் வரும் என்று கணக்குப் போட்டுச் சொல்கிற இணையதளங்கள் இருக்கின்றன. அந்தத் தேதியைப் போட்டு, நம் ஊரைப் போட்டுத் தேடினோம். அதற்குச் சில நாள் முன்பு ஏவப்பட்ட ஒரு தொகுதி, அன்று விடியற்காலை 5.05-க்கு, தென்மேற்கிலிருந்து வடகிழக்கு நோக்கி.

மூன்று நிமிட வித்தியாசம் உதைத்தது. மறுநாள் கேட்டுக்குப் போய்ப் பார்த்தேன். அங்கே மாட்டியிருக்கிற கடிகாரம் 3 நிமிடம் வேகமாக ஓடுகிறது. மெயின்டனன்ஸ் கமிட்டி கவனத்துக்கு.

இன்னும் ஒன்று மிச்சம் இருந்தது. எல்லோரும் அதிகமாகச் சிரித்தது எதைப் பார்த்து? "ஒன்றும் இல்லாத இடத்தில் தோன்றியது, அது போனதும் அதே இடத்தில் இன்னொன்று." வானத்தில் என்ன கதவா இருக்கிறது என்று ஒருவர் கேட்டிருந்தார். இருக்கிறது. பூமியின் நிழல்தான் அந்தக் கதவு.

செயற்கைக்கோளில் விளக்கு கிடையாது. சூரிய வெளிச்சம் பட்டுத்தான் மின்னுகிறது. மாசிக் கடைசியில் நமக்குச் சூரியன் உதிக்க ஆறேகால் ஆகிவிடும். ஐந்து மணிக்குத் தரையில் நாம் இருட்டில் இருக்கிறோம். ஆனால் 300 கிலோமீட்டர் உயரத்தில், கிழக்குப் பக்கம் ஏற்கெனவே வெயில் அடித்துக்கொண்டிருக்கிறது. மேற்குப் பக்கம் இன்னும் பூமியின் நிழலுக்குள். மேற்கிலிருந்து வருகிற செயற்கைக்கோள் நிழலுக்குள் இருக்கும்வரை கண்ணுக்குத் தெரியாது. நிழலின் விளிம்பைத் தாண்டியதும் வெயில் பட்டுப் பளிச்சென்று தோன்றும். பின்னால் வருவதும் அதே விளிம்பை அதே இடத்தில் தாண்டும். சாயங்காலம் பார்த்தால் இதற்கு நேர்மாறு: நடு வானத்தில் ஒவ்வொன்றாக அதே இடத்தில் காணாமல் போகும். குடித்திருந்த ஆள் இதை எழுதியிருக்க முடியாது. புத்தகத்தில் படித்துக் கதை விடுகிற ஆளும் எழுதியிருக்க மாட்டார். தான் கண்டதை, தனக்கே புரியாதபோதும், கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறவர்தான் எழுத முடியும்.

எல்லாமே இப்படி விளங்கிவிடும் என்று நான் சொல்லவில்லை. அமெரிக்க விமானப்படை 1969 வரை இருபது வருடத்துக்கு மேல் சேர்த்த 12,618 தகவல்களில் 701 விளங்காமலே நின்றன. நார்வேயில் ஹெஸ்டாலன் என்ற பள்ளத்தாக்கில் 1980-களிலிருந்து தெரிகிற வெளிச்சத்துக்காகத் தானியங்கிக் கேமரா நிலையமே வைத்திருக்கிறார்கள், முழு விளக்கம் இன்னும் இல்லை. விளங்கவில்லை என்றால் விளங்கவில்லை, அவ்வளவுதான் எழுத வேண்டும். அதற்கு மேல் வேற்றுக்கிரகத்தைச் சேர்ப்பதும் தப்பு, சரக்கைச் சேர்ப்பதும் தப்பு.

சில நேரம் வெளிச்சம் தரைக்கே வரும். 2022 ஏப்ரல் 2 சாயங்காலம் மகாராஷ்டிரா, மத்தியப் பிரதேச வானத்தில் நெருப்புக் கோடுகளை மக்கள் பார்த்தார்கள். அன்று சந்திரபூர் மாவட்டக் கிராமத்தில் சுமார் 3 மீட்டர் அகல உலோக வளையம் ஒன்று விழுந்து கிடந்தது. சீன ராக்கெட் ஒன்றின் மிச்சம் என்பது நிபுணர்களின் கணிப்பு. அப்படி ஏதாவது நம் காலி மனையில் விழுந்தால் தொடக் கூடாது, எரிபொருள் நச்சாக ஒட்டியிருக்கலாம். போலீசுக்குச் சொல்ல வேண்டும். சொல்ல ஒரு ஆள் விழித்திருக்கவும் வேண்டும், அவர் சொல்வதை நாம் நம்பவும் வேண்டும்.

அதனால் ஒரு சின்ன வேண்டுகோள். எதைப் பார்த்தாலும் குரூப்பில் போடுவதற்கு முன்னால் நேரத்தை எழுதுங்கள். எங்கே நின்று பார்த்தீர்கள், எந்த பிளாக்குக்கு மேலே, எவ்வளவு உயரத்தில் என்று எழுதுங்கள். கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் ஏறக்குறைய 10 பாகை, அடிவானத்திலிருந்து எத்தனை முஷ்டி என்று எண்ணினால் போதும். சிமிட்டியதா, சத்தம் வந்ததா, எப்படி முடிந்தது என்பதும் வேண்டும். செல்போனில் ஜூம் செய்து எடுக்காதீர்கள். ஃபோகஸ் கிடைக்காமல் எந்த நட்சத்திரமும் தட்டு மாதிரி ஆகிவிடும், அதைப் பார்த்து இன்னும் நாற்பது மெசேஜ் வரும்.

போன வாரம் ஏஜென்சியில் நம்பர் வாங்கி அவருக்குப் போன் செய்தேன். இப்போது ஒரு குடோனில் இரவுக் காவல். எங்கள் பேருந்து நிறுத்தத்திலிருந்து இரண்டு பஸ் மாற வேண்டுமாம். எல்லாவற்றையும் விவரமாகச் சொன்னேன், நிழல் வரைக்கும். பொறுமையாகக் கேட்டார். "அப்போ நான் பார்த்தது நிஜம்தானே சார்?" என்றார். நிஜம்தான், எண்ணிக்கைகூடச் சரி என்றேன். மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்ல சார், விடுங்க" என்றார். இப்போது அங்கே ரிஜிஸ்டர் எழுதுகிறீர்களா என்று சும்மா கேட்டேன். "எழுதுறேன் சார். தினமும் 'எல்லாம் சரி'ன்னு மட்டும் எழுதுறேன்" என்றார்.

அங்கே ஒரு நாள் பின்பக்க ஷட்டர் பாதி திறந்து கிடந்தால்கூட அவர் எழுதுவாரா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. அந்தப் பழக்கத்தை அவருக்கு உண்டாக்கியது நாம்.

செயலாளர் மேடத்திடம் ஒரு கடிதம் தட்டச்சு செய்து கொடுத்திருக்கிறேன். குடித்திருந்தார் என்ற புகாரைச் சங்கம் திரும்பப் பெறுகிறது, அவர் விருப்பப்பட்டால் இங்கேயே பணிக்கு அனுப்பவும் என்று ஏஜென்சிக்கு எழுதியது. இணைப்பாக இந்த ரிஜிஸ்டர் பக்கத்தின் நகலும், 5.05 கணக்கின் பிரிண்ட்டும் வைத்திருக்கிறேன். நாலாவது மாடிப் பையன்களுக்குத் தனியாக ஒரு வரி. கமிட்டி கையெழுத்து மட்டும் போதும் என்று தலைவர் சொன்னார். பொம்மை போட்ட 23 பேரும் போட்டால் நன்றாக இருக்கும் என்று நான் கேட்டேன். முதல் கையெழுத்து போட்டுவிட்டேன். கடிதம் கேரம் போர்டு மேசையில் இருக்கிறது, பேனாவும் அங்கேயே கட்டியிருக்கிறது. அடுத்து தண்ணீர் லாரி.